மூணு சேர்ந்தா மறையும்... அதுக்குப் பின்னால இருக்கிற அதிசயம் தெரியுமா?

மதுரையில் எங்கள் சித்தப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். உள்ளே அவர் படுத்திருக்க, வெளியே வராந்தா நாற்காலியில் சித்தி போனில் கேண்டி க்ரஷ் ஆடிக்கொண்டிருப்பார். போன மாதம் ஒருநாள் நானும் துணைக்குப் போயிருந்தேன். கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிக்கொண்டு, ஒரு சிவப்பு பீன்ஸ் மிட்டாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினார். மூன்று சிவப்பு சேர்ந்து மறைந்தது. மேலே இருந்ததெல்லாம் சரிந்தது. சரிந்த இடத்தில் எலுமிச்சை மூன்று தானாகவே சேர்ந்தது, அது மறைய நாவல்பழம் மூன்று, அது மறைய பச்சைக் கட்டி நாலு... எல்லாம் அடங்கியதும் போனுக்குள்ளிருந்து அந்தக் கட்டைக் குரல்: "டிவைன்!"

"பாருப்பா, கையில அஞ்சு உயிர் இருக்கு. அரை மணிக்கு ஒண்ணு ஊறும். நாலு மணி நேரத்துக்கு எட்டு. ஆக மொத்தம் பதிமூணு தடவை தோக்கலாம். அதுக்குள்ள சித்தப்பா வெளிய வந்துருவாரு."

நாலு மணி நேரத்தைப் பதிமூன்று தோல்வியாக எண்ணி வைத்திருக்கிறார்! கேட்டதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

எதிர் நாற்காலிக்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "எல்லாம் சும்மா டைம்பாஸ்" என்றார். சித்தி நிமிரவில்லை. "டைம்பாஸா? ஆடிப் பாருங்க, மண்டை காயும்" என்றார்.

அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தவன்தான், இன்னும் நிறுத்தவில்லை. சித்தி சொன்னாரே, அது அப்படியே கணித உண்மை, தெரியுமா?

2014-ல் ஆஸ்திரேலியாவின் டோபி வால்ஷ் என்ற கணினி அறிஞர் கேண்டி க்ரஷை எடுத்துவைத்து நிரூபித்தார். அதே ஆண்டு இத்தாலியைச் சேர்ந்த குவாலா, லெயூச்சி, நடாலே என்ற மூவரும் தனியாக நிரூபித்தார்கள். மூன்றைச் சேர்க்கும் இந்த ஆட்டங்கள் கணினி உலகத்தில் 'என்பி-ஹார்டு' என்று பெயர் வாங்கிய கணக்குகளின் கூட்டத்தைச் சேர்ந்தவை! அப்படியென்றால் என்ன? ஆயிரம் ஊர்களையும் சுற்றிவிட்டு வர வேண்டிய வியாபாரிக்கு எது மிகக் குறைந்த தூரம், ஒரு கல்லூரி முழுக்கத் தேர்வு அட்டவணையை யாருக்கும் இடிக்காமல் எப்படிப் போடுவது என்று உலகம் தலையைப் பிய்த்துக்கொள்கிறதே, அதே வம்சம். பலகை பெரிதாகப் பெரிதாக, எப்போதும் செல்லுபடியாகிற வேகமான குறுக்குவழி ஒன்று இன்றுவரை யாருக்கும் அகப்படவில்லை. அப்படி ஒன்று உண்டா இல்லையா என்று தீர்மானமாக நிரூபிப்பவருக்கு அமெரிக்காவின் க்ளே கணித நிறுவனம் 2000-ஆம் ஆண்டிலேயே 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்துவிட்டுக் காத்திருக்கிறது!

வால்ஷ் அதை நிரூபித்த விதம் இன்னும் அழகு. மிட்டாய்களை வரிசையாக அடுக்கி மின்கம்பி மாதிரி ஆக்கினார், சுவிட்ச் மாதிரி ஆக்கினார். ஒரு மிட்டாயை நகர்த்தினால் 'ஆம்', இன்னொன்றை நகர்த்தினால் 'இல்லை'. பலகைக்குள் ஒரு மின்சுற்றே ஓடுகிறது! இத்தனைக்கும் மேலிருந்து அடுத்து என்ன மிட்டாய் விழும் என்று முன்கூட்டியே தெரிந்தால்கூடக் கணக்கு கஷ்டம்தான் என்கிறார். சித்திக்கோ அடுத்து என்ன விழும் என்றே தெரியாது. மண்டை காயாமல் என்ன செய்யும்?

சரி, பழைய ஆட்டங்களாவது லேசா? இல்லவே இல்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் குண்டு தேடினோமே, அந்த மைன்ஸ்வீப்பரும் இதே பங்காளி வகை என்று இங்கிலாந்தின் ரிச்சர்ட் கே 2000-ல் காட்டினார். 2002-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எரிக் டிமெய்னும் கூட்டாளிகளும் விழுகிற கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸுக்கும் நிரூபித்துவிட்டார்கள். வரப்போகிற துண்டுகளின் முழுப் பட்டியலைக் கையில் கொடுத்துவிட்டாலும் சிறப்பாக ஆடுவது கஷ்டமே! டைம்பாஸ் என்று சொல்லி யாரையாவது மட்டம் தட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அடுத்து, உலகம் முழுக்க ஆடுகிறவர்கள் சொல்லும் ஒரு வார்த்தை: "ஒரே ஒரு மூவ்ல போச்சு!" கேண்டி க்ரஷ் ஆடும் யாரையும் கேளுங்கள், இதைச் சொல்லாதவர் இருக்க மாட்டார். இன்னும் ஒரே ஒரு ஜெல்லி பாக்கி, மூவ் தீர்ந்துவிட்டது. அந்த எரிச்சலைக் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தே பார்த்துவிட்டார்கள், தெரியுமா? 2017-ல் சூதாட்டம் பற்றிய ஆய்விதழில் வெளிவந்தது. வழக்கமாக ஆடுகிற 60 பேரை உட்காரவைத்து, ஜெயித்தபோதும், தூரத்தில் தோற்றபோதும், மயிரிழையில் தோற்றபோதும் உடம்பு எப்படித் துடிக்கிறது, மனசு என்ன சொல்கிறது என்று பார்த்தார்கள். மயிரிழையில் தோற்றபோதுதான் எரிச்சல் உச்சம். சரி, எரிச்சல் வந்தால் போனைக் கீழே வைக்க வேண்டியதுதானே? அங்கேதான் ஆச்சரியம்: அந்தச் சமயத்தில்தான் "இன்னொரு தடவை ஆடணும்" என்ற வேகமும் உச்சம்! 'சுகமாக இருக்கிறது, அதனால் ஆடுகிறேன்' என்று மட்டும் இல்லை. நெஞ்சு பொறுக்காமலும் ஆடுகிறோம்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். 2019-ல் பிரிட்டன் நாடாளுமன்றக் குழு முன்னால் கேண்டி க்ரஷைத் தயாரிக்கும் கிங் நிறுவனத்தார் கொடுத்த கணக்கு: தங்கள் ஆட்டங்களை ஆடுபவர்கள் 27 கோடிப் பேர். சராசரியாக ஒருவர் நாளொன்றுக்கு 38 நிமிடம். ஆனால் 92 லட்சம் பேர் தினமும் மூன்று மணி நேரமும் அதற்கு மேலும் ஆடுகிறார்கள்! ஆறு மணி நேரத்தைத் தாண்டுகிறவர்கள் 4 லட்சத்து 32 ஆயிரம் பேர். சதவீதத்தில் பார்த்தால் பொடி எண். ஆளாக எண்ணினால் ஒரு பெரிய நகரமே உட்கார்ந்து மிட்டாய் நகர்த்துகிறது. அந்த ஆறு மணி நேரத்துக்காரரின் வீட்டில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து "என்ன ஆச்சு உனக்கு?" என்று கேட்க வேண்டும். அதை நான் அழுத்தியே சொல்வேன். ஆனால் இன்னொரு கணக்கையும் பாருங்கள்: 2013-ல், அப்போதிருந்த கடைசி லெவல் வரை வந்து சேர்ந்தவர்களில் 70 சதவீதம் பேர் ஒரு பைசாகூடக் கட்டாதவர்கள் என்று அதே நிறுவனம் சொன்னது. பத்தில் ஏழு பேர், வெறும் பொறுமையால்! உயிர் தீர்ந்தால் காத்திருந்து, இல்லாவிட்டால் போன் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளி வைத்து உயிரை வரவழைத்து... ஆமாம், கடிகாரத்தைத் திருப்பும் அந்த வித்தையும் ஆடுகிறவர்கள் கண்டுபிடித்ததுதான்!

"இந்த லெவல் வேணும்னே கஷ்டமா வச்சிருக்கான்" என்பது அடுத்த புலம்பல். உண்மையா? 2013 வாக்கில் உலகமே ஒரு லெவலைத் திட்டியது. 65-ஆம் லெவல். வாரக்கணக்கில் அங்கேயே முடங்கிக் கிடந்தவர்கள் எத்தனையோ பேர். கடைசியில் அது கொஞ்சம் இளக்கப்பட்டது. ஆடுகிறவர்களின் முணுமுணுப்பு பலகையையே மாற்றிவிட்டது! இன்றைக்கு லெவல்களின் எண்ணிக்கை பதினைந்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. இவ்வளவையும் மனிதர்களே ஆடிப் பார்த்துச் சோதிக்க முடியுமா? முடியாது. அதனால் என்ன செய்கிறார்கள் தெரியுமா? சாதாரண மனிதர்கள் எந்த நிலையில் எந்த மிட்டாயை நகர்த்தினார்கள் என்பதை ஒரு செயற்கை நுண்ணறிவுக்குப் பாடமாகப் புகட்டி, புது லெவலை முதலில் அதை ஆடச் சொல்கிறார்கள்! கிங் ஆராய்ச்சியாளர்கள் 2018-ல் இதைக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். அந்த இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தது சிறப்பாக ஆட அல்ல. மனிதர் மாதிரி ஆட! நாம் தடுமாறுகிற இடத்தில் அதுவும் தடுமாற வேண்டும், அப்போதுதான் லெவல் எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். நம்ம ஊர்ச் சித்திகளின் தயக்கமும் தவறும் எங்கோ ஸ்டாக்ஹோமில் ஒரு இயந்திரத்துக்குப் பாடம்!

டெட்ரிஸ் ஆடியவர்களிடம் கேட்டால் வேறு குறை வரும்: "நீட்டுக்கட்டை வரவே மாட்டேங்குது!" நாலு கட்டமும் ஒரே கோடாக நிற்கிற அந்தத் துண்டுக்காகக் கிணறு மாதிரி ஒரு ஓரத்தைக் காலியாக வைத்துக் காத்திருந்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும். பழைய டெட்ரிஸில் அந்தப் புலம்பல் நியாயம்தான். நீண்ட நேரம் வராமலே இருக்கலாம். புது டெட்ரிஸில் ஒரு நேர்மை இருக்கிறது, தெரியுமா? ஏழு வகைத் துண்டையும் ஒரு பைக்குள் போட்டுக் குலுக்கி ஒவ்வொன்றாக எடுக்கிறது கணினி. ஏழும் தீர்ந்த பிறகே அடுத்த பை. அதனால் இரண்டு நீட்டுக்கட்டைக்கு நடுவில் அதிகபட்சம் 12 துண்டுதான் வர முடியும். பன்னிரண்டு வரைக்கும் எண்ணுங்கள், வந்தே தீரும்! 1997-ல் ஹைடி பர்கீல் என்ற கணித அறிஞர் இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தைக் காட்டினார். நெளிந்த துண்டு இரண்டு உண்டே, இடப்பக்கம் நெளிந்தது ஒன்று, வலப்பக்கம் நெளிந்தது ஒன்று... அவை மட்டும் மாறி மாறி வந்துகொண்டிருந்தால், எப்பேர்ப்பட்ட கில்லாடியும் கடைசியில் தோற்றே ஆக வேண்டும். தோல்விக்கே ஒரு தேற்றம்!

இனி வருவதுதான் என்னை உலுக்கிய விஷயம். சித்தி ஒருநாள் சொன்னார்: "ராத்திரி கண்ணை மூடினா மிட்டாயா கொட்டுதுப்பா." உங்களுக்கும் நடந்திருக்கிறதா? ஆடி முடித்துப் படுத்தால் இமைக்குள் கட்டைகள் விழுவது? இதற்குப் பெயரே உண்டு, டெட்ரிஸ் விளைவு. ஹார்வர்டின் ராபர்ட் ஸ்டிக்கோல்டும் குழுவினரும் 27 பேரை மூன்று நாளில் மொத்தம் ஏழு மணி நேரம் டெட்ரிஸ் ஆடவைத்து, தூக்கம் கண்ணைச் சுற்றுகிற நேரத்தில் தட்டிக் கேட்டார்கள்: "இப்போ என்ன தெரியுது?" 27-ல் 17 பேர், கட்டைகள் விழுகின்றன என்றார்கள். அதிலே பழம் தின்று கொட்டை போட்ட சிலருக்கு, இப்போது ஆடிய டெட்ரிஸ் வரவில்லை. வருஷக்கணக்குக்கு முன்னால் ஆடிய பழைய டெட்ரிஸின் கட்டைகள் வந்தன!

இதுவே பெரிய விஷயம். ஆனால் அந்த 27 பேரில் ஐந்து பேர் யார் தெரியுமா? நினைவிழப்பு நோயாளிகள். மூளையில் பாதிப்பு, புது நினைவு எதுவும் தங்காது. ஆடியதே ஞாபகம் இருக்காது. மறுநாள் வந்தால் ஆட்டத்தை மறுபடி முதலிலிருந்து விளக்க வேண்டும். அப்பேர்ப்பட்ட ஐந்து பேரில் மூன்று பேர், தூக்கத்தின் வாசலில், ஏதோ வடிவங்கள் விழுந்து திரும்பிப் பொருந்துவதாகச் சொன்னார்கள். அவை எங்கிருந்து வந்தன என்று அவர்களுக்கே தெரியாது! ஆட்டம் மறந்துவிட்டது, கட்டைகள் மறக்கவில்லை. 2000-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த இந்த ஆய்வைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. நினைவு என்று நாம் ஒரே பெயரில் சொல்வதற்குள் எத்தனை அறைகள்!

அதோடு போகவில்லை. மூளையை இப்படி ஆக்கிரமிக்கிற ஆட்டம் என்றால், அதை மருந்தாகக் கொடுக்க முடியுமா என்று ஒருவர் யோசித்தார். எமிலி ஹோம்ஸ் என்ற உளவியல் அறிஞர். கொடூரமான காட்சி ஒன்றைப் பார்த்துவிட்டால் அது கண்முன் திரும்பத் திரும்ப வருகிறதே, அதுவும் படம்தானே? படத்தைப் பதிக்கிற இடத்தை டெட்ரிஸ் பிடித்துக்கொண்டால்? 2009-ல் ஆய்வுக்கூடத்தில் அதிர்ச்சிப் படம் காட்டி, அரை மணி நேரம் கழித்துப் பத்து நிமிடம் டெட்ரிஸ் ஆடவைத்தார்கள். அடுத்த ஒரு வாரத்தில் அந்தக் காட்சிகள் திரும்பி வருவது குறைந்தது. பிறகு நிஜ மருத்துவமனைக்கே போனார்கள். ஆக்ஸ்ஃபோர்டின் அவசரச் சிகிச்சைப் பிரிவு. சாலை விபத்தில் சிக்கி வந்த 71 பேர். விபத்து நடந்து ஆறு மணி நேரத்துக்குள், விபத்தை ஒரு கணம் நினைத்துப் பார்க்கச் சொல்லி, பிறகு கையில் டெட்ரிஸைக் கொடுத்தார்கள். 2017-ல் முடிவு வெளியானது: ஆடியவர்களுக்கு முதல் வாரத்தில் அந்தக் கொடுங்காட்சி தானாக வந்து மோதுவது, ஆடாதவர்களைவிட 62 சதவீதம் குறைவு! விபத்து வார்டில், கட்டுப்போட்ட கையில், விழுகிற கட்டைகளை அடுக்கிக்கொண்டு ஒரு மனிதர்... நினைத்தாலே மனசு கரைகிறது.

இவ்வளவுக்கும் அந்த ஆட்டம் பிறந்த கதை தெரியுமா? 1984, மாஸ்கோ. சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவுக்குக் கிடைத்தது எலெக்ட்ரானிகா 60 என்ற கம்ப்யூட்டர். அதில் படமே வராது, எழுத்து மட்டும்தான்! மனுஷர் என்ன செய்தார்? எழுத்துக்கு நடுவில் போடுகிற சதுர அடைப்புக்குறி இரண்டைச் சேர்த்து ஒரு கட்டம் என்று வைத்துக்கொண்டார். உலகத்தின் முதல் டெட்ரிஸ் கட்டைகள் வெறும் அடைப்புக்குறிகள்! கிரேக்கத்தில் நாலைக் குறிக்கும் 'டெட்ரா', தனக்குப் பிடித்த டென்னிஸ், இரண்டையும் ஒட்டினால் டெட்ரிஸ். ஃபிளாப்பி ஃபிளாப்பியாகக் கைமாறி நாடு முழுக்கப் பரவியது. 1989-ல் கேம் பாயுடன் சேர்ந்து உலகம் முழுக்கப் போனது. உரிமை சோவியத் அரசிடம் இருந்ததால், தன் ஆட்டத்துக்கான காசு பஜித்னோவ் கைக்கு ஒழுங்காக வர ஆரம்பித்ததே 1996-க்குப் பிறகுதான். 1993-ல் அலெக்சாந்தர் செரப்ரோவ் என்ற விண்வெளி வீரர் கேம் பாயோடு டெட்ரிஸையும் மிர் விண்வெளி நிலையத்துக்கு எடுத்துப்போய் ஆடினார். எடையே இல்லாத இடத்தில், விழுகிற கட்டை! 2014-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்பியாவில் 29 மாடிக் கட்டடம் ஒன்றின் சுவர் முழுக்க விளக்குகளால் டெட்ரிஸ் ஆடி கின்னஸில் இடம்பிடித்தார்கள்.

பக்கத்தில் இருப்பதை இடம் மாற்றி மூன்றைச் சேர்க்கும் ஆட்டமும் ரஷ்யப் பிள்ளைதான். 1994-ல் யெவ்கேனி அலெம்ஜின் எழுதிய 'ஷாரிகி', குட்டிப் பந்துகள் என்று பொருள். அதன் பேத்திதான் 2001-ல் பாப்கேப் நிறுவனம் வெளியிட்ட பிஜுவல்ட். முதலில் அதற்கு 'டைமண்ட் மைன்' என்று பெயர். எட்டுக்கு எட்டுக் கட்டம், ஏழு ரத்தினம். ஒரு நுணுக்கம் பாருங்கள்: ஏழும் நிறத்தால் மட்டும் அல்ல, வடிவத்தாலும் வேறு வேறு. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத கண்ணுக்கும் அந்த ஆட்டம் கதவடைக்கவில்லை! கேண்டி க்ரஷிலும் அப்படித்தான்: சிவப்பு பீன்ஸ் வளைந்திருக்கும், பச்சை சதுரம், நீலம் உருண்டை, ஊதா பழக்கொத்து. அஞ்சு மிட்டாய் ஒரே வரிசையில் சேர்ந்தால் வருமே பலநிறப் பொட்டு வைத்த சாக்லேட் உருண்டை, அதைச் சித்தி 'சீரக மிட்டாய் உருண்டை' என்பார். பண்டிகைக்குக் கடையில் விற்கும் நிறநிறச் சீரக மிட்டாயை அப்பிய மாதிரியேதான் இருக்கிறது. இனி எனக்கும் அதற்கு அதுதான் பெயர்.

இந்தக் கதைகளிலெல்லாம் என் நெஞ்சில் தங்கியவர் ஒருவர் உண்டு. சீனச் சில்லுகளை ஜோடி ஜோடியாக எடுக்கிற மாஜோங் சாலிடேர் ஆடியிருப்பீர்கள். 144 சில்லு, ஆமை மாதிரி அடுக்கு. பார்த்தால் ஏதோ ஆயிரம் வருஷத்துச் சீன விளையாட்டு என்று தோன்றும். இல்லை! சில்லுகள் சீனத்தவை, இந்த ஜோடி எடுக்கும் கம்ப்யூட்டர் ஆட்டத்தை எழுதியவர் ப்ரோடி லாக்கார்டு என்ற அமெரிக்க இளைஞர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜிம்னாஸ்டிக் வீரர். 1979-ல் பயிற்சியில் விழுந்தார். கழுத்துக்குக் கீழே அசைவு போய்விட்டது. 1981-ல் பிளேட்டோ என்ற கணினி அமைப்பில் இந்த ஆட்டத்தை எழுதினார். எப்படி? வாயில் ஒரு குச்சியைக் கவ்விக்கொண்டு. ஒவ்வொரு எழுத்தாக. ஒவ்வொரு சில்லாக! 1986-ல் ஆக்டிவிஷன் அதை 'ஷாங்காய்' என்று வெளியிட்டது. உலகம் முழுக்கப் போயிற்று. அவசரமே இல்லாத ஆட்டம் அது. கடிகாரம் விரட்டாது. ஒரு சமயத்தில் ஒரு ஜோடி, அவ்வளவுதான். அதை எழுதியவர் எப்படி ஒவ்வொரு அசைவையும் சேமித்திருப்பார் என்று நினைத்தால், ஆட்டத்தின் அந்த நிதானம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிற மாதிரி இருக்கிறது. கூடவே இதையும் கேளுங்கள்: ஆமை அடுக்கைக் கண்டபடி குலுக்கி வைத்தால், அடியில் இருப்பதையெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டு ஆடினாலும் நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று அடுக்குகள் முடிக்கவே முடியாதவை! அடுத்த தடவை சிக்கிக்கொண்டால் உங்களையே நொந்துகொள்ளாதீர்கள்.

முடிக்கவே முடியாதது என்றதும் விண்டோஸ் ஃப்ரீசெல் ஞாபகம் வருகிறது. அதில் எண் போட்ட 32,000 சீட்டு அடுக்குகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் விடை உண்டா? 1994-ல் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இணையத்தில் கூடி, ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு பிரித்துக்கொண்டு, பல மாதம் ஆடித் தீர்த்தார்கள். எல்லாம் முடிந்தது, ஒன்றைத் தவிர. அடுக்கு எண் 11,982. அதை இன்றுவரை யாரும் முடிக்கவில்லை, கணினிகளும் கைவிரித்துவிட்டன. விண்டோஸ் சாலிடேரை எழுதியவரோ வெஸ் செரி என்ற பயிற்சி மாணவர்! பொறியில் சிக்கிய எலி மாதிரி கைக்குள் வந்த மவுஸை வைத்து எப்படி இழுத்துப் போடுவது என்று உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தது அந்தச் சீட்டுக்கட்டுதான். மேலதிகாரி வந்தால் சட்டென்று கணக்குத் தாளாக மாறிக்கொள்ள ஒரு ரகசிய விசையும் வைத்திருந்தாராம் செரி. மைக்ரோசாஃப்ட் அதை எடுத்துவிடச் சொல்லிவிட்டது. 2014-ல் பிரிட்டனில் ஓய்வூதியம் பற்றிய நாடாளுமன்றக் குழுக் கூட்டத்தில் கேண்டி க்ரஷ் ஆடி மாட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டாரே ஒரு எம்.பி., அவருக்கு அந்த விசை உதவியிருக்கும்!

சீனாவில் 2022 செப்டம்பரில் ஆடுகள் படையெடுத்தது தெரியுமா? வீசாட் செயலிக்குள் வந்த 'ஆடு ஒரு ஆடு' என்ற மூன்று சேர்க்கும் ஆட்டம். மொத்தமே நாளுக்கு இரண்டு லெவல். முதலாவது பச்சைக்குழந்தை முடித்துவிடும். இரண்டாவதை முடிப்பவர் ஆயிரத்தில் ஒருவர்கூட இல்லை என்று ஆட்டமே பெருமையடித்துக்கொண்டது. "இதெல்லாம் நியாயமா?" என்று நாடே கொதித்தது. கொதித்துக்கொண்டே ஆடியது! ஜெயித்தவர் தன் மாகாணத்து ஆட்டுமந்தையில் சேர்வார். எந்த மாகாணத்து மந்தை பெரிது என்று போட்டி. கூட்டம் தாங்காமல் சர்வர் பலமுறை படுத்துவிட்டது. ஆடுகிறவர்களின் இன்னொரு புலம்பல் விளம்பரம் பற்றியது. அதற்குக் காது கொடுத்தவர்களும் உண்டு. 'விளம்பரத்துல காட்டினது ஒண்ணு, உள்ளே இருக்கிறது வேறொண்ணு' என்ற புகாரை எடுத்துக்கொண்ட பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு, ஹோம்ஸ்கேப்ஸ், கார்டன்ஸ்கேப்ஸ் என்ற ஆட்டங்களின் விளம்பரங்கள் இரண்டை 2020-ல் தடை செய்தது. குச்சியை உருவி நெருப்பையும் தண்ணீரையும் திருப்பிவிடுகிற அந்த விளம்பரங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நம்ம தோனி? 2023 ஜூனில் இண்டிகோ விமானத்தில் பணிப்பெண் சாக்லேட் தட்டை நீட்டிய வீடியோவில், அவர் டேப்லெட்டில் கேண்டி க்ரஷ் திறந்திருந்தது. அந்த ஒரு நிமிடத்துக்குள் நாடே "தலயும் ஆடுறாரு!" என்று குதித்தது. கடைசி ஓவரில் பதற்றமே இல்லாமல் நின்றவர் வானத்தில் மிட்டாய் சேர்க்கிறார் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

பழைய நின்டெண்டோ டெட்ரிஸில் 29-ஆம் லெவலுக்கு மேல் மனிதக் கைக்கு வேலை இல்லை என்றுதான் பல வருஷம் நம்பினார்கள். கட்டை அவ்வளவு வேகம். அப்புறம் ஆடுகிறவர்களே புது வித்தை கண்டார்கள்: விசையை விரலால் அழுத்துவதற்குப் பதிலாக, கன்ட்ரோலரின் முதுகில் விரல்களை மிருதங்கம் வாசிப்பது போல உருட்டித் தட்டி, விசையை விரலோடு மோதவைப்பது! 2023 டிசம்பர் 21. அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் 13 வயதுப் பையன் ஒருவன் ஆடுகிறான். 29, 60, 100, 150... 38 நிமிடம். 157-ஆம் லெவலில் கட்டைகள் அப்படியே உறைந்து நின்றன. ஆட்டம் முடங்கிவிட்டது! அந்த ஆட்டம் வெளிவந்து முப்பத்து நாலு வருஷம். அதை அதன் எல்லைவரை தள்ளி மூச்சு நிற்க வைத்த முதல் மனிதன் ஒரு பள்ளிப் பிள்ளை. மூச்சுவாங்கி, கை நடுங்க அவன் உட்கார்ந்திருந்த அந்த வீடியோவை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை.

அதைச் சித்தியிடமும் காட்டினேன், அதே வராந்தாவில். முழுசாகப் பார்த்தார். "பிள்ளை சாப்பிட்டானா?" என்றார். பிறகு தன் போனை எடுத்துக்கொண்டார். பன்னிரண்டாவது உயிர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மூவ் பாக்கி, அடியில் ஒரு ஜெல்லி. விரல் ஒரு ஆரஞ்சு மிட்டாய்மேல் போய் நின்றது, யோசித்தது, பக்கத்து எலுமிச்சைக்கு மாறியது. அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்து நர்ஸ் கூப்பிட்டார்: "அம்மா, அய்யாவுக்கு முடிஞ்சிருச்சு, வாங்க." சித்தி எலுமிச்சையை நகர்த்திவிட்டு, என்ன ஆனது என்றுகூடப் பார்க்காமல் போனைக் கூடைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். உள்ளே சித்தப்பாவின் செருப்பைத் தேடிக் குனிந்தபோது, கூடையின் அடியிலிருந்து, சீப்புக்கும் ஃபிளாஸ்குக்கும் நடுவில், அந்தக் கட்டைக் குரல்: "டிவைன்!"